ஊமைப் பெட்டி

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடுகிற பழஞ்சாமான் சந்தைக்கு நான் போவது வீட்டில் யாருக்கும் பிடிக்காது. ஒரு சாமான் வாங்கப் போவேன். வேறொரு சாமானோடு திரும்பி வருவேன். இரண்டில் எதனாலும் வீட்டுக்குப் பிரயோஜனம் இராது. சில மாதங்களுக்கு முன்பு மேஜை விசிறிக்கு ஒரு குமிழ் தேடிப் போன இடத்தில், உடைந்த ரேடியோக்களுக்கும் கைப்பிடி இல்லாத இஸ்திரிப் பெட்டிகளுக்கும் நடுவில், அட்டை கிழிந்த பெரிய புத்தகம் ஒன்று கிடந்தது. "எடுத்துக்கோ சார், அம்பது ரூபா" என்றான் கடைக்காரன். அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரு தரப்பிலும் அறியாமை சமமாக இருந்தால் பேரம் சுலபமாகப் படிந்துவிடும். 30 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து தூசி தட்டிப் பார்த்தேன். அமெரிக்காவில் ஹீத்கிட் என்ற பெயரில் விற்ற டி.எக்ஸ்-60 என்னும் டிரான்ஸ்மிட்டரின் கையேடு அது. 1960களில் வந்தது. அந்தக் கம்பெனி டிரான்ஸ்மிட்டரை விற்கவில்லை. உதிரி உதிரியாக அதன் பாகங்களை ஒரு பெட்டியில் போட்டு விற்றது. கம்பி, திருகாணி, வால்வு, தகடு எல்லாம் பெட்டிக்குள் இருக்கும். வாங்கியவர் இந்தக் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைக்கிறவரைப் போல, ஒவ்வொரு படியாகச் செய்து முடிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் ஒரு சின்ன அடைப்பு. செய்தாயிற்று என்றால் அதில் ஒரு குறி போட வேண்டும். என் பிரதியில் எல்லா அடைப்புகளிலும் பென்சில் குறி இருந்தது. எங்கேயோ யாரோ ஒருவர், ஒரு படியும் விடாமல் செய்து முடித்திருக்கிறார்.

கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். அங்கே, "எல்லாம் செய்தும் வேலை செய்யாவிட்டால்" என்கிற தோரணையில் ஓர் அத்தியாயம். நான் பிளஸ் டூவுக்கு மேல் இரண்டு வருஷம் கல்லூரிப் படியைத் தேய்த்ததோடு நின்றவன். பௌதிகத்துக்கும் எனக்கும் அப்போதே மனஸ்தாபம். ஆனாலும் அந்த அத்தியாயத்தை ஒரு கதையைப் படிப்பது போல் படித்தேன். அதில் இருந்த ஒரு யோசனை, முப்பது வருஷத்துக்கு மேலாக என் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த ஒரு சின்ன விஷயத்துக்கு விடை சொல்லிவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கம்பெனியின் கதையைச் சொல்லவேண்டும். அதுவும் சுவாரஸ்யமான கதைதான்.

ஹீத் என்பது ஒரு மனிதரின் பெயர். எட்வர்டு பேயார்டு ஹீத் என்று முழுப் பெயர். சிகாகோவில் ஆகாய விமானம் கட்டியவர். 1926-ல் பாரசோல் என்ற சின்ன விமானத்தைச் செய்தார். மோட்டார் சைக்கிள் எஞ்சினைத் திருத்தி அதில் வைத்தார். அந்த விமானத்தைப் பாகம் பாகமாகவும் விற்றார். வாங்கியவர் வீட்டுக் கொட்டகையில் தாமே கட்டிக்கொண்டு தாமே பறக்கலாம்! கீழே விழுந்தால் யாரைக் குறை சொல்வது என்ற சங்கடமும் இல்லை. 1931-ல் புதிய விமானம் ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கையில் ஹீத்தே கீழே விழுந்து இறந்து போனார். கம்பெனி திவாலாயிற்று. 1935-ல் ஹோவர்டு அந்தோணி என்ற இளைஞர் அதை 300 டாலருக்கு வாங்கி, மிச்சிகன் ராஜ்யத்தில் பென்ட்டன் ஹார்பர் என்ற ஊருக்குக் கொண்டு போனார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தது. யுத்தத்துக்காகச் செய்து குவித்த ரேடியோச் சாமான்கள் மலைமலையாக மிஞ்சின. சர்க்கார் அவற்றைச் சல்லிசாகத் தள்ளியது. அந்தோணி ஏராளமாக வாங்கினார். அவற்றில் 5 அங்குலப் படக்குழாய்களும் இருந்தன. மின்சாரத்தின் அலையைக் கண்ணால் பார்க்க உதவும் ஆஸிலாஸ்கோப் என்ற கருவிக்கு அவைதான் ஜீவன். கடையில் அந்தக் கருவி நூற்றுக்கணக்கான டாலர் விலை. 1947-ல் அந்தோணி அதை உதிரிப் பெட்டியாக்கி 39 டாலர் 50 சென்ட் என்று விளம்பரம் செய்தார். ரேடியோ ரிப்பேர்க்காரர்களும் மாணவர்களும் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். ஆகாய விமானக் கம்பெனி, ஈயமும் கம்பியும் விற்கும் கம்பெனியாக மாறிய கதை இதுதான்.

1951-ல் அமெரிக்க சர்க்கார், அமெச்சூர் ரேடியோவில் புதிதாக நுழைகிறவர்களுக்கு என்று ஒரு சுலபமான லைசென்ஸ் ஏற்படுத்தியது. நிமிஷத்துக்கு ஐந்து வார்த்தை மோர்ஸ் அடிக்கத் தெரிந்தால் போதும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் எல்லாம் லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். கையில் டிரான்ஸ்மிட்டர் இல்லை. அந்தச் சமயம் பார்த்து ஏ.டி-1 என்ற டிரான்ஸ்மிட்டர் பெட்டி 29 டாலர் 50 சென்ட்டுக்கு வந்தது. அதில் இருந்தவை மொத்தம் மூன்றே வால்வுகள். அந்தோணி 1954-ல் இறந்தார். அதுவும் விமான விபத்தில்தான். கம்பெனியின் முதல் முதலாளியும் இரண்டாவது முதலாளியும் ஒரே விதமாகப் போனதை நான் ஒரு நாவலில் எழுதினால், "இது நம்பும்படியாக இல்லை" என்று விமரிசகர்கள் எழுதுவார்கள்.

அவர் போன பிறகும் பெட்டிகள் விற்றுக்கொண்டுதான் இருந்தன. 1964-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நின்ற பாரி கோல்டுவாட்டர்கூட இந்தப் பெட்டிகளை வாங்கித் தம் கையால் பற்ற வைத்துக் கருவி செய்தவர். பிற்பாடு காலம் மாறிற்று. யந்திரங்கள் செய்து தள்ளிய கருவி, நாமே செய்வதைவிட மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. 1992-ல் அந்தக் கம்பெனி உதிரிப் பெட்டி விற்பதை நிறுத்திவிட்டது.

இனி அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு வருவோம்.

வாசகர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் வீட்டு ரேடியோ கெட்டுப் போனால் எப்படித் தெரியும்? பாட்டு நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும். ஆனால் டிரான்ஸ்மிட்டர் கெட்டுப் போனால்? அதன் வேலை பேசுவது, கேட்பது அல்ல. விளக்கு எரியும். சாவியை அழுத்தினால் 'டிக்' என்று சத்தமும் வரும். அழுத்துகிறவர் ஊருக்கெல்லாம் சேதி சொல்வதாக நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டிருப்பார். ஆகாயத்தில் ஒன்றும் போயிராது. தன் குரல் அடைத்துப் போனது தனக்கே தெரியாத ஊமை அது. இந்தச் சங்கடம் எழுத்தாளர்களுக்கும் உண்டு. அதை இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை.

அதனால் அமெச்சூர்கள் ஆதி நாளிலிருந்தே ஒரு யுக்தி கையாண்டார்கள். ஏரியல் கட்டவேண்டிய இடத்தில் ஒரு மின்சார பல்பைக் கட்டுவார்கள். சக்தி வெளியே வந்தால் பல்பு எரியும். வராவிட்டால் இருட்டு.

இருட்டு என்றால் அப்புறம் என்ன செய்வது? எங்கள் மாயவரத்தில் ஒரு தாத்தா இதை எனக்கு விளக்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். "கடைமடை வயலுக்குத் தண்ணி வரலேன்னா வயல்லேயே நின்னுண்டு வாய்க்காலைத் திட்டுவியா? கரையோட மேலே நடந்து போகணும்டா. எந்த மதகு வரைக்கும் ஈரம் இருக்குன்னு பார்க்கணும். ஈரம் முடியற இடத்துக்கும் காய்ஞ்சு கிடக்கிற இடத்துக்கும் நடுவிலேதான் அடைப்பு" என்றார்.

டிரான்ஸ்மிட்டரும் அப்படி ஒரு வாய்க்கால்தான். தலைமடையில் ஸ்படிகக் கல் ஒன்று இருக்கிறது. அது ஒரே சீரான வேகத்தில் அதிர்கிற கல். அதைச் சுற்றியுள்ள வால்வு அந்த அதிர்வை மெல்லிய மின்னலையாக்குகிறது. அடுத்த வால்வு அதைக் கொஞ்சம் பெரிதாக்கித் தள்ளுகிறது. கடைசி வால்வு முழுப் பலம் கொடுக்கிறது, டி.எக்ஸ்-60-ல் அது 90 வாட் மின்சாரம் உண்கிற வால்வு. அதைத் தாண்டிச் சுருள்களும் கண்டென்சர்களும் சேர்ந்த கடைசி மதகு, அப்புறம் ஏரியல். முகப்பில் உள்ள மீட்டரின் முள்தான் ஈரம் பார்க்கும் கை. கடைசி வால்வின் வாசலில் முள் அசைகிறதா? அப்படியானால் முன் பாதி நல்லபடியாக இருக்கிறது. கோளாறு பின் பாதியில். அசையவில்லையா? முன் பாதிக்குப் போக வேண்டும். கையேடு சொல்வதும் இந்த வழியைத்தான். கோபம் வந்தால் எல்லா வால்வையும் மாற்றிவிடத் தோன்றும். அது வைத்தியம் அல்ல, ஆத்திரம்.

இந்தப் பொறுமைக்குச் சரித்திரத்தில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அது அமெச்சூர் கருவி அல்ல. உலகத்திலேயே பெரிய கப்பலின் கருவி. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் புறப்பட்டபோது அதில் 5 கிலோவாட் மார்க்கோனி டிரான்ஸ்மிட்டர் இருந்தது. ஜாக் பிலிப்ஸ், ஹெரால்டு பிரைடு என்று இரண்டு ஆபரேட்டர்கள். ஒருவருக்கு 25 வயது, மற்றவருக்கு 22. 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு அந்த டிரான்ஸ்மிட்டர் ஊமையாகிவிட்டது. மார்க்கோனி கம்பெனியின் விதிப்படி அவர்கள் அதைத் தொடக்கூடாது. கரை சேரும் வரையில் சக்தி குறைந்த அவசரக் கருவியை வைத்துக் காலம் தள்ள வேண்டும்; துறைமுகத்தில் தகுந்தவர்கள் வந்து பார்ப்பார்கள்.

பையன்கள் விதியைப் புறக்கணித்தார்கள். பிரயாணிகளின் தந்திகள் குவிந்து கிடந்தன என்பதுதான் காரணம். மற்றப்படி தீர்க்கதரிசனம் ஒன்றும் இல்லை. முதலில் கண்டென்சர்கள் உடைந்துவிட்டன என்று நினைத்து, அவற்றைக் கழற்றிப் பார்த்தார்கள். அங்கே கோளாறு இல்லை. ஏறக்குறைய ஆறேழு மணி நேரம் ஒவ்வோர் இடமாகத் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தார்கள். டிரான்ஸ்பார்மரிலிருந்து வெளியே வரும் கம்பிகள் கூட்டுக்குள்ளே கருகி, மரச்சட்டத்தைப் பிணைத்திருந்த இரும்பு போல்ட்டுகளைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஆகாயத்துக்குப் போகவேண்டிய சக்தியில் பெரும் பகுதி கப்பலின் உடம்புக்குள்ளேயே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. சனிக்கிழமை விடிகையில் கருவி மறுபடி பேசிற்று. ஞாயிறு நள்ளிரவுக்குச் சற்று முன்பு கப்பல் பனிமலையில் மோதியது. அந்தக் கருவியின் அபயக் குரலைப் பல கப்பல்கள் கேட்டன. கார்பேத்தியா வந்து 700-க்கு மேற்பட்டவர்களைக் காப்பாற்றியது. பிரைடு பிழைத்தார். கடைசி வரை சாவியை விடாதிருந்த பிலிப்ஸ் பிழைக்கவில்லை. அவசரக் கருவி மட்டும் இருந்திருந்தால் அந்தக் குரல் எத்தனை பேருக்கு எட்டியிருக்கும் என்று நான் ஊகம் செய்யப் போவதில்லை. அந்த வெள்ளிக்கிழமை இரவு இரண்டு பேர் சேர்ந்து தேடினார்கள் என்பதை மட்டும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஏனென்றால் ஹீத்கிட் கையேடு சொல்லும் முக்கியமான விஷயமும் அதுவே. பழுது பார்க்கத் திரும்பி வருகிற பெட்டிகளில் சுமார் நூற்றுக்குத் தொண்ணூறு, ஈயப்பற்றுச் சரியாக இல்லாததால் வருகிறவையே என்று அந்தக் கம்பெனி தன் கையேடுகளில் அச்சிட்டது. வால்வு கெட்டதல்ல, கணக்குத் தவறியதல்ல. பற்ற வைத்ததாக நினைத்த இடம் பற்றவில்லை. அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க அது இரண்டு யோசனைகள் சொல்கிறது. படத்தில் உள்ள ஒவ்வொரு கம்பியையும் நிஜக் கம்பியோடு ஒத்துப் பார்த்து, பார்த்ததன் மேல் கலர்ப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வரவேண்டும், இது ஒன்று. செய்தவர் தாமே பார்க்காமல் ஒரு நண்பரைப் பார்க்கச் சொல்வது நல்லது, இது இரண்டாவது. அந்த நண்பர் கருவியைப் பற்றித் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை. பழக்கமில்லாதவரே, செய்தவரின் கண் ஒவ்வொரு முறையும் தாண்டிப் போகிற தப்பைப் பார்த்துவிடக் கூடும் என்பது கம்பெனியின் அனுபவம்.

இது எவ்வளவு வாஸ்தவம் என்பது எனக்குத் தெரியும். என் நாவல் ஒன்றில் கதாநாயகியின் தாயார் நாலாம் அத்தியாயத்தில் இறந்து, பதினோராம் அத்தியாயத்தில் காபி கொண்டு வந்து வைத்தாள். நான் ஆறு தடவை படித்துத் திருத்திய பிரதி அது. அச்சுக் கோத்த பிறகு, கதையே படிக்கிற வழக்கமில்லாத என் மைத்துனன் தற்செயலாகப் புரட்டிப் பார்த்து, "அந்த அம்மா செத்துட்டாங்கன்னு சொன்னீங்களே?" என்றான். நான் படித்தபோதெல்லாம் எழுதியதைப் படிக்கவில்லை. எழுத நினைத்ததைப் படித்திருக்கிறேன்.

அமெச்சூர்களின் உலகத்தில், புதியவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைகொடுக்கிறவருக்கு 'எல்மர்' என்று பெயர். க்யூ.எஸ்.டி. என்ற அமெரிக்க அமெச்சூர் பத்திரிகையில் 1971-ல் ராட் நியூகெர்க் என்பவர், எல்மர் பிரோஹார்ட் என்ற அமெச்சூரை முன்னிட்டு, இப்படி வழிகாட்டிய மனிதர்களை நன்றியோடு குறிப்பிட்டார். அந்த ஒருவரின் பெயரே பிற்பாடு அப்படிப்பட்ட எல்லோருக்கும் பொதுப் பெயராகிவிட்டது.

நம் தேசத்தில் ஹீத்கிட் பெட்டி வாங்குவது சாமானியர்களுக்குச் சாத்தியமாக இருக்கவில்லை. இறக்குமதி லைசென்ஸ், சுங்கம், அன்னியச் செலாவணி என்று மூன்று கோட்டைகளைத் தாண்டவேண்டும். நம்மவர்கள் யுத்தத்தில் கழித்துப் போட்ட ராணுவக் கருவிகளைத் திருத்தினார்கள். சென்னை மூர் மார்க்கெட்டில் அள்ளிய உதிரிகளை வைத்துச் சொந்தமாகக் கட்டினார்கள். 2003-ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 'பிட்எக்ஸ்' என்ற கருவியை வகுத்தபோது, நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பாகங்களாகவே பொறுக்கிச் சேர்த்தார். சுருள் சுற்றுவதற்கு அவர் கண்டுபிடித்த அச்சு என்ன தெரியுமா? தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற வாஷர்! அதன்மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கருவி உலகமெங்கும் பரவிற்று.

எனாமல் கம்பி என்றதும் தாத்தாவுக்கு வந்துவிட்டேன்.

1994-ஆம் வருஷத்துக் கோடை. எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் எதிர் வீட்டில் தந்தி ஆபீசிலிருந்து ரிடையரான கிழவர் ஒருவர் இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் தந்தித் தாத்தா. அமெச்சூர் லைசென்ஸ் வைத்திருந்தார். தினமும் காலை ஆறரை மணிக்கு அவர் வீட்டு மாடியிலிருந்து 'கட்டு கட கட்டு' என்று சத்தம் கேட்கும். தென்காசியில் இருந்த தம் நண்பரோடு பேசுகிறார் என்று அர்த்தம். அந்த நண்பரும் தந்தி ஆபீஸ்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவருக்குப் பாரிச வாயு வந்து, வாய் கோணி, பேச்சுப் போய்விட்டது. வலது கை தப்பியது. பேச முடியாத அந்த மனுஷருக்கு டெலிபோனால் என்ன பயன்? சாவிதான் அவருக்கு வாய். காலை ஆறரையிலிருந்து ஏழு வரை அவர் வாயாடுவார், தாத்தா சிரிப்பார். மாடிப்படியில் உட்கார்ந்து நான் வேடிக்கை பார்ப்பேன்.

அந்தக் கோடையில் தாத்தாவின் பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர் புகைந்து, டிரான்ஸ்பார்மர் எரிந்து போயிற்று. சிங்கப்பூரிலிருந்து வந்த அவர் மருமான் ஓர் உதிரிப் பெட்டி கொண்டு வந்து கொடுத்திருந்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு, நாலு டிரான்சிஸ்டர்கள், கையால் சுற்றவேண்டிய சில சுருள்கள். தாத்தா மூன்றே நாளில் செய்து முடித்தார். முப்பத்து நாலு வருஷம் தந்திக் கருவிகளோடு வாழ்ந்தவர். ஈயம் வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். ஏரியலில் கொடுத்தார். காலையில் கூப்பிட்டார். பதில் இல்லை.

பதில் இல்லை என்றால், தாத்தாவின் கேட்கும் கருவி நன்றாகத்தான் இருந்தது. தென்காசிக்காரர் கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது. தாத்தாவின் அடையாள எழுத்துக்களை அவர் திரும்பத் திரும்ப அடித்துவிட்டு நிறுத்துவார். தாத்தா பதில் அடிப்பார். அது அவருக்குப் போகாது. மறுபடி கூப்பிடுவார். இப்படி அரைமணி நேரம். அந்த எழுத்துக்களின் தாளம் எனக்கே மனப்பாடமாகிவிட்டது. ஐந்தாவது நாள் அவர் வேறு என்னவோ அடித்தார். "என்ன தாத்தா சொல்றார்?" என்றேன். தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. "உடம்பு சரியில்லையான்னு கேக்கறான்" என்றார்.

அப்புறம் ஒரு கூத்து நடந்தது. தாத்தா கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், தென்காசியில் பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டு, நண்பரின் மகளிடம், "அம்மா, இன்னும் கால்மணியில் அடிக்கப் போறேன்; அப்பாவைக் கேக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, வேகு வேகென்று வீட்டுக்கு வந்து சாவியை அடிப்பார். மறுபடி பூத்துக்கு ஓடி, "கேட்டதா?" என்பார். "இல்லை மாமா. அப்பா கேட்டுண்டேதான் உட்கார்ந்திருக்கார்" என்று பதில் வரும். கேட்காத சேதிக்குத் தாத்தா கொடுத்த போன் காசு, புதுக் கருவி வாங்கவே பாதி காணும் என்று பாட்டி சொன்னாள்.

ஏரியலைக் கழற்றி டார்ச் பல்பைக் கட்டினார். எரியவில்லை. மதகு மதகாக நடந்தார். ஸ்படிகம் அதிர்ந்தது. இரண்டாவது டிரான்சிஸ்டர் வரை ஈரம் இருந்தது. கடைசி டிரான்சிஸ்டர் தொட முடியாமல் சுட்டது. "சக்தி இங்கே வரைக்கும் வரது. வெளியே போக வழியில்லாம உள்ளேயே கொதிக்கறது" என்றார். அதற்குப் பின்னால் மூன்று சுருள்கள்தான் பாக்கி. அவற்றைப் பூதக் கண்ணாடி வைத்துப் பத்துத் தடவை பார்த்தார். எல்லாப் பற்றும் முத்து முத்தாக மின்னின. குற்றமே இல்லை.

ஏழாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "டேய், இங்கே வா. உனக்கு ரேடியோவைப் பத்தி ஏதாவது தெரியுமா?"

"தெரியாது தாத்தா."

"நன்னாத் தெரியாதே?"

"ஒண்ணுமே தெரியாது."

"அப்போ உட்காரு" என்று ஒரு சிவப்புப் பென்சிலையும் படத்தையும் கையில் கொடுத்தார். ஒவ்வொரு கம்பியாகப் பார்த்துக் கோடு போடச் சொல்லிவிட்டு, திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

முக்கால்மணி நேரம் கோடு போட்டேன். கடைசிச் சுருளுக்கு வந்தேன். "தாத்தா! எல்லாக் கம்பியும் முனையிலே வெள்ளையா ஆயிட்டு ஈயத்துக்குள்ளே போறது. இது மட்டும் செவப்பாவே உள்ளே போறதே, அப்படித்தானா?" என்று கேட்டேன்.

தாத்தா எழுந்து வந்து பார்த்தார். எனாமல் கம்பியின் மேல் இருக்கும் பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் ஈயம் வைக்கவேண்டும். பூச்சு மின்சாரத்தை விடாது. ஆறு முனைகளில் ஐந்தைச் சுரண்டியிருந்தார், ஆறாவதை மறந்துவிட்டார். ஈயம் அதைச் சுற்றி அழகாக உறைந்து, மின்னிக்கொண்டு, ஒட்டாமல் உட்கார்ந்திருந்தது. பூதக் கண்ணாடிக்கு அந்த மினுக்கம்தான் தெரிந்தது. சவர பிளேடால் சுரண்டி, மறுபடி பற்ற வைத்தார். சாவியை அழுத்தினார். டார்ச் பல்பு எரிந்தது. விட்டார், அணைந்தது. பாட்டி அடுக்களையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை நாள்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு நான் மாடியில் ஆஜர். தென்காசி கூப்பிட்டது. தாத்தா பதில் அடித்தார். அந்தப் பக்கம் ஒரு கணம் நிசப்தம். அப்புறம் மழை மாதிரி 'கட்டு கட கட்டு கட' என்று கொட்டிற்று. தாத்தா எழுதிக்கொள்ளவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நெடுநேரம் பதில் அடித்தார்.

"என்ன தாத்தா கேட்டார்?"

"கோளாறைக் கண்டுபிடிச்சது யாருன்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"எதிர் வீட்டிலே ஒரு பையன், ரேடியோவைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவன்னு சொன்னேன்."

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. தென்காசி வரைக்கும் என் அறியாமையைத் தந்தியடித்துவிட்டாரே என்று இரண்டு நாள் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. தாத்தாவும் தென்காசி நண்பரும் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் காலை தவறாமல் பேசினார்கள். முதலில் தென்காசி ஓய்ந்தது. பிறகு மாயவரமும் ஓய்ந்தது. என் மனத்தாங்கலை நான் தாத்தாவிடம் சொன்னதே இல்லை.

இப்போது இந்தக் கையேட்டைப் படித்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. பென்சில் அவர் சொந்தக் கற்பனை அல்ல. எங்கேயோ, எந்தப் பழைய புத்தகத்திலோ அவர் இந்த யோசனையைப் படித்திருக்கிறார். கருவியோடு பழக்கமில்லாத ஆள் வேண்டும் என்று தேடி, தெருவிலேயே அதற்குப் பூரண யோக்கியதை உள்ளவனாக என்னைப் பொறுக்கியிருக்கிறார். தம் நண்பருக்கு அவர் அடித்தது கேலி அல்ல; சிபாரிசு.

புத்தகத்தை அலமாரியில் வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையையும் அனுப்புவதற்கு முன்னால் மைத்துனனிடம் காட்டினேன். "செத்தவங்க யாரும் காபி கொண்டு வரலை" என்றான். வருகிற வெள்ளிக்கிழமை பல்லாவரம் போய் மேஜை விசிறிக்குக் குமிழ் வாங்க வேண்டும்.